டிராம் வரியும் 1910 வாக்கெடுப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியா வாக்கெடுப்பு என்றாலே எல்லோரும் 1978 சொத்துவரிக் குறைப்போடு நின்றுவிடுகிறார்கள், எனக்கோ 1910 நவம்பரில் நடந்ததுதான் சுவாரசியம். அதுவரை டிராம் கம்பெனி சொத்துக்கும் உள்ளூரில் மதிப்புப் போட்டு வரி வாங்கினார்கள்; மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, ரயிலோடு டிராமையும் சேர்த்து, அந்த உள்ளூர் வரிக்குப் பதிலாக மொத்த வருமானத்தில் 4 சதவீதம் மாநிலத்துக்கே என்று ஆக்கிவிட்டார்கள். லாபத்தில் இல்லை, வசூலில்! நஷ்டத்தில் ஓடினாலும் கட்டத்தான் வேண்டும். சரி, பொதுச் சொத்துவரியை மாநிலம் உள்ளூர்களுக்கு விட்டுக்கொடுத்தது உண்மைதான். ஆனாலும் தண்டவாளம் எங்கள் தெருவில், வரி மட்டும் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்கா என்று ஒரு நகரவாசி கேட்டிருந்தால் தப்பில்லை. 1933-இல் இன்னொரு வாக்கெடுப்பு வந்த பிறகே டிராம் கம்பெனி சொத்து மறுபடி உள்ளூர் வரிக்குத் திரும்பியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்