அடக்கம் திரும்பி வருவாளா என்று கேட்டீர்களே

அண்ணா,

நீங்கள் கதை நடத்திய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் நான் ஆடிய அடக்கம் செத்து, இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருடம். கதை நடக்கும் வாட்டர்டீப் நகரத்தில் மூன்றே நாள்தான் ஆகியிருக்கிறது, நாம் பாதியிலேயே எழுந்துவிட்டோம். செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்குப் பத்து நாள் அவகாசம் இருப்பதால்தான் இப்போதாவது எழுதுகிறேன்.

அவள் செத்ததில் எனக்கு வருத்தமில்லை. உயிர் ஊசலாடும்போது உருட்டும் டெத் சேவ் முதல் முறை தோல்வி, இரண்டாவதில் 1 விழுந்தது. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, ஆக மூன்று, முடிந்தது. பகடையிடம் யார் என்ன கேட்க முடியும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் மறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து 500 தங்கக் காசுக்கு வைரம் வாங்கிக் கோயிலுக்கு வந்தார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "ஆன்மா சம்மதித்தால்தான் பலிக்கும். அடக்கம் வருவாளா?" என்று கேட்டீர்கள். யாரும் பகடையைத் தொடவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். "வரமாட்டாள்" என்றேன். "அப்போ அடக்கத்தை அடக்கம் பண்ணிடலாம்" என்றது ஒரு குரல். நீங்களும் சிரித்தீர்கள்.

கையில் இருந்ததையெல்லாம் கொட்டி வைரம் வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்களும் இதைப் படிப்பார்கள். அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

ஆனால் காரணம் அது மட்டுமில்லை. டீஃப்லிங் இனத்தவளின் கொம்பையும் வாலையும் ஊர் எப்படியும் வெறிக்கத்தான் போகிறது, வெறிப்பவர்கள் காசு கொடுத்து வெறிக்கட்டும் என்றுதான் அவள் மேடை ஏறினாள். நெருப்பை விழுங்குவாள். கூட்டம் நெருப்பைப் பார்க்கும், அவள் கூட்டத்தின் இடுப்புப் பையைப் பார்ப்பாள். இறங்கினால் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். அவளை அப்படித்தான் செய்திருந்தேன். நீங்களோ ஒவ்வொரு வாரமும், "என்ன சொல்லி ஆரம்பிக்கிறாள்? நீயே சொல்லிக் காட்டு" என்றீர்கள். பார்பேரியன் என்ற முரட்டு வீரனாக ஆடுகிறவரை எழுந்துபோய் ஒரு கதவை உடைக்கச் சொன்னீர்களா? அவருக்குப் பகடை போதும். எனக்கு மட்டும் ஏன் போதவில்லை?

பேசாத பெண்ணைப் பேசவைக்க நினைத்தீர்கள், புரிகிறது. ஒரு முறை பேசவும் வைத்தீர்கள். தாமட்டர்ஜி என்ற மந்திரத்தால் அவள் தன் குரலை மூன்று மடங்கு உயர்த்திய அந்த இரவு, விளக்கைக் குறைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தீர்கள். நான் மூன்று வாக்கியம் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் நடுங்காமல் வந்தது அன்றைக்குத்தான். பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரமே அதை எல்லாரிடமும் உங்கள் சாதனையாகச் சொன்னீர்கள். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். தைரியம் வரவில்லை. "வரமாட்டாள்" என்று சொல்ல மட்டும் வந்தது.

சரி. மறுபடி ஆரம்பிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தீர்கள். நான் வருகிறேன். மேடைக் காட்சிக்குப் பகடை உருட்டுவேன், பேசத் தோன்றினால் பேசுவேன். அப்புறம், வைரம் இன்னும் அவர்கள் பையில்தான் இருக்கிறது. அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள் அண்ணா. எல்லாரும் வருவதற்கு முன்னால், என்னிடம் மட்டும்.