டார்ச்சும் ஒரு பழைய வாளியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். "பாவம், ஒரு மாசமா பொத்திப் பொத்தி வளர்த்தாளே" என்றாள். 18 நாற்று நட்டு, விடிந்து பார்த்தால் 11 காணோம் என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் சொல்வதில் பாதியை "சரிப்பா, சரிப்பா" என்று தாண்டிப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எலியா, வெட்டுப்புழுவா என்று கேட்டிருந்தாய். வெட்டுப்புழுவாக இருந்தால் தண்டை அடியில் நறுக்கிவிட்டு மேல்பாகத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கும், வாடிய தலை பக்கத்திலேயே கிடக்கும். உன் பாத்தியில் தலை எதுவும் கிடக்கவில்லை, மொட்டைக் காம்புகள்தான் நிற்கின்றன. அப்புறம் படத்தின் இடது ஓரத்தில் அந்தச் செங்கலைப் பார். அதன் மேல் காய்ந்த பசை மாதிரி ஒரு வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போகிறது. வந்தது நத்தைதான். ஓடு உள்ளதா, ஓடில்லாததா என்பது கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதன் வாய்க்குள் நாக்கு மாதிரி ஒரு பட்டை இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பற்கள். அரத்தால் ராவுவது போல இலையை ராவித் தின்னும். வளர்ந்த செடியில் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் போனால் செடி கண்டுகொள்ளாது. நாற்றுக்கு இருப்பதோ விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு வித்திலை, நடுவில் ஒரு குருத்து. பல செடிகளில் அந்தக் குருத்தும் போய்விட்டால் கதை முடிந்தது. அதனால் நீ தோட்டத்திலிருந்து நத்தையை ஒழிக்க வேண்டியதில்லை, ஒழிக்கவும் முடியாது. நட்டதிலிருந்து மூன்று வாரம், போனால் நாலு வாரம், நத்தையையும் நாற்றையும் பிரித்து வைத்தால் போதும். அதற்கு மேல் தண்டு முற்றிவிடும்.

நானும் ஒரு காலத்தில் ஒழிக்கப் பார்த்தவன்தான். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம். பாத்தியைச் சுற்றி அரைப்படி உப்பைக் கோடு போட்டேன். மறுநாள் காலை கோட்டின் மேல் ஏழெட்டு நத்தை சுருண்டு கிடந்தது, எனக்கு ஒரே பெருமை. அன்று மாலை அடித்த மழையில் உப்பு கரைந்து நேராக நாற்றின் வேருக்குப் போனது. நத்தை விட்டு வைத்ததை நானே கொன்றேன். அந்த ஓரத்தில் ரொம்ப நாள் புல்கூடச் சரியாக வரவில்லை. உப்பை மட்டும் மண்ணில் போடாதே.

சரி, என்ன செய்வது? ராத்திரி போ. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சும் ஒரு பழைய வாளியும் எடுத்துக்கொண்டு போ. வாளியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். மழை விட்ட ராத்திரி என்றால் இன்னும் நல்லது. நத்தையின் உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால்தான் பகலில் தொட்டிக்கு அடியிலும் செங்கல் இடுக்கிலும் பதுங்கிவிட்டு ஈர ராத்திரியில் வெளியே வருகிறது. முதல் நாள் நீ பொறுக்கும் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப் போவாய். நாலாம் நாள் பாதியாகும். கையுறை போட்டுக்கொள், இல்லாவிட்டால் ஒரு இடுக்கி. சில நத்தைகளில் மனிதனின் மூளைவரை போகக்கூடிய ஒட்டுண்ணிப் புழு இருக்கும். வெறுங்கையால் தொடாதே, பாத்தியில் பறிக்கும் கீரையை நன்றாக அலசு.

கொல்ல மனசு வராவிட்டால் தூரமாகக் கொண்டுபோய் விடு. தூரம் என்றால் நிஜமாகவே தூரம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. எட்டு வயதில் நீ அழுததால் நான் வாளியை வேலிப் புதர்வரை சுமந்துகொண்டு போய்க் கொட்டினேன். கொட்டும் முன் அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு ஓட்டிலும் நீ ஒரு பொட்டு வைத்தாய். மூன்றாம் நாள் காலை சிவப்புப் பொட்டோடு இரண்டு பேர் அதே பாத்தியில் இருந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன், நீ குதித்தாய். பின்னாளில்தான் படித்தேன், இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ரூத் புரூக்ஸ் என்ற ஒரு பாட்டி இதையே முறையாகச் செய்து பார்த்திருக்கிறார். அவரும் நெயில் பாலிஷ்தான். 2010இல் பிபிசி வானொலி நடத்திய அமெச்சூர் விஞ்ஞானிப் போட்டியில் அதற்காகப் பரிசும் வாங்கினார். நத்தைக்குத் தன் இடம் தெரியும், திரும்பி வரும். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 20 மீட்டருக்கு மேல் தள்ளி விட்டால் திரும்புவது அபூர்வம் என்றார்கள். நம் வேலிப் புதர் பாத்தியிலிருந்து 12 அடிதான்.

அடுத்தது தண்ணீர். நீ ஆபீஸிலிருந்து வந்து சாயங்காலம் பூவாளியால் தெளிப்பதாகச் சொன்னாய். அதுதான் நத்தைக்கு நீ விரிக்கும் கம்பளம். காலையில் ஊற்று, செடியின் அடியில் மட்டும் ஊற்று. இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும், வேரில் ஈரம் இருக்கும். காய்ந்த மண்ணில் ஊர்ந்து வர நத்தைக்குத்தான் கஷ்டம். மூடாக்கும் இப்போது வேண்டாம். இலைதழையை நாற்றைச் சுற்றிப் பரப்பினால் பகல் முழுக்க அதற்குள்ளேயே தங்கிவிடும். செடி முழங்கால் உயரம் வரட்டும், அப்புறம் போடலாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. நீ நடுவதற்கு முந்தின நாள்தான் களையெல்லாம் பிடுங்கிப் பாத்தியைத் துப்புரவாக்கினாய். களை போய்விட்டது, அதைத் தின்றுகொண்டிருந்த நத்தை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி பசியோடு வெளியே வந்தால் அங்கே இருப்பது உன் 18 நாற்று மட்டும்தானே! அடுத்த முறை களை எடுத்து ஒரு வாரமாவது பாத்தியைச் சும்மா விடு. மண்ணை நன்றாகக் கிளறு. சின்னச் சின்னக் கண்ணாடி மணி மாதிரி முட்டைகள் கொத்தாகக் கிடைக்கும், வெயிலிலும் பறவைக் கண்ணிலும் பட்டு ஒழியட்டும். நாலு இடத்தில் ஈரச் சாக்கோ பலகையோ போட்டு வை. காலையில் புரட்டினால் அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், வழித்து வாளியில் போடு. இப்படி ஒரு வாரம் செய்துவிட்டு நடு.

நடும்போது நாற்றும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். குழித்தட்டில் இரண்டு இலை விட்டதுமே உனக்குக் கை பரபரக்கும். நிஜ இலை நாலைந்து வரும்வரை தட்டிலேயே இருக்கட்டும், தட்டையும் தரையில் வைக்காதே, மேஜை மேல் வை. முட்டைக்கோஸ், வெள்ளரி, பீன்ஸ், செண்டுமல்லி இவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். வெங்காயம், பூண்டுப் பக்கம் அவ்வளவாக வராது.

முட்டை ஓடு, சாம்பல், செப்புப் பட்டை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. சாம்பல் ஒரு தூறலோடு சரி. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் முட்டை ஓடு, செப்புப் பட்டை, சரளை மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை ஐந்தையும் லெட்யூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தது. எதுவுமே போடாத செடிகளில் எவ்வளவு சேதமோ அவ்வளவுதான் இவற்றிலும். அதைவிட ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மேல். இரண்டு பக்கமும் நறுக்கிக் குழாய் மாதிரி ஆக்கி, நாற்றைச் சுற்றி இரண்டு விரல்கடை மண்ணுக்குள் அழுத்தி வை. குழாய்க்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வை. நான் ஒரு முறை உள்ளேயே ஒன்றை வைத்து அடைத்து, அதற்கு விருந்து போட்டேன்.

ஈஸ்ட் வாசனைக்கும் அது வரும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் மாவு, ஈஸ்ட் கலந்து மண்ணில் பதித்து வைத்தால் விழும். விளிம்பு தரைக்கு மேல் ஒரு விரல்கடை நிற்கட்டும், இல்லாவிட்டால் நத்தையைத் தின்னும் நல்ல வண்டுகளும் விழுந்துவிடும்.

மருந்துதான் வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் குருணை. மெட்டால்டிஹைடு என்று டப்பாவில் போட்டிருந்தால் தொடாதே. நாய்க்கும் பறவைக்கும் விஷம், பிரிட்டனில் 2022இல் வெளித்தோட்டத்துக்குத் தடையே போட்டுவிட்டார்கள். இரும்புக் குருணையைத் தின்ற நத்தை தீனியை நிறுத்திவிட்டு எங்கேயோ ஒளிந்து சாகும். பிணம் கண்ணில் படவில்லையே என்று இன்னொரு கைப்பிடி போடாதே. ஒன்றிரண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தூவினால் போதும். நத்தையைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றும் முறையும் இருக்கிறது. மண்ணின் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை செய்யும், சுமார் ஆறு வாரம் தாங்கும், முக்கியமாக ஓடில்லாத நத்தைக்கு. எல்லா நாட்டிலும் விற்பதில்லை.

தோட்ட மூலையில் தவளை இருந்தால் விரட்டாதே. மின்மினியையும்தான். ராத்திரி மினுக்கும் அந்தப் பூச்சியின் புழு, பல இனங்களில், நத்தையைத்தான் தின்று வளர்கிறது. எனக்கே இது வெகு காலம் தெரியாது, அழகுக்காக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மீதி இருக்கிற 7 நாற்றுக்கும் இன்று ராத்திரியே பாட்டில் போட்டுவிடு. அந்தச் செங்கலைப் புரட்டிப் பார், வெள்ளிக் கோட்டின் சொந்தக்காரர் அடியில்தான் இருப்பார். எத்தனை கிடைத்தது என்று எண்ணி எழுது. ஆனால் சின்ன வயசில் செய்தது மாதிரி எதற்கும் பெயர் மட்டும் வைத்துவிடாதே, அப்புறம் வாளியில் போட உனக்கு மனசு வராது.

அன்புடன்,
அப்பா