இத்தாலி சமையல் கிளாசா? வில்லா போட்டோவ பாத்து பணம் கட்டிராதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

இத்தாலிக்கு போய் சமையல் கத்துக்கிட்டே லீவ கழிக்கலாம்னு உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் அருமை, திராட்சைத் தோட்டம், கல்லு வீடு, நீச்சல் குளம் எல்லாம் இருக்கு, அடுப்பங்கரைய மட்டும் ஒரு படத்துல கூட காணோம். நான் சின்ன அளவுல கேட்டரிங் பண்றவ, இந்த மாதிரி கிளாசுக்கு போய்ட்டும் வந்திருக்கேன், அதனால படிச்சிட்டு சும்மா இருக்க முடியலைங்க.

கட்டுரை முழுக்க இத்தாலி நடுவுல இருக்குற டஸ்கனி, டஸ்கனின்னே இருக்கு. நல்ல ஊருதான், குறை சொல்லல. ஆனா இத்தாலிக்காரங்க கிட்ட போய் "இத்தாலியன் சாப்பாடு"ன்னு சொன்னா எந்த ஊரு சாப்பாடுன்னு திருப்பி கேப்பாங்க. வடக்க பொலோன்யால பாஸ்தான்னா நைசா அரைச்ச கோதுமை மாவும் முட்டையும், 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டைங்கறது அங்க பொதுவான கணக்கு. அப்படியே தெக்க, பாரி நகரம் இருக்குற புல்யா பக்கம் போனா முட்டையே கிடையாது, டியூரம்ங்கற கெட்டி ரக கோதுமை மாவும் தண்ணியும் மட்டும்தான். ஜெனோவா போனா துளசி வாசம் மாதிரி இருக்குற பேசில் இலைய பளிங்கு உரல்ல போட்டு மர உலக்கையால இடிச்சு பெஸ்டோன்னு பச்சை சட்னி மாதிரி பண்றாங்க. எத கத்துக்க ஆசைன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, ஊரு தானா அமையும், ஸ்கூல் அதுக்கப்புறம்.

என்னை கேட்டா பொலோன்யாதான், மாவு வேலைல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல. பாஸ்தா மாவு தேய்க்கறதுக்குன்னே அங்க பொம்பளைங்க இருக்காங்க, ஸ்ஃபோலினான்னு பேரு, மெஷினே தொடமாட்டாங்க, நீளமான கட்டைய வெச்சு பெரிய மரப்பலகைல மாவ விரிச்சுக்கிட்டே போவாங்க, தூக்கிப் பிடிச்சா அந்த மெல்லிசு மாவு வழியா மலை மேல இருக்குற சான் லூகா கோயில் தெரியணும்னு ஒரு பேச்சே இருக்கு. மரத்துல தேய்ச்சா மாவு மேல லேசா சொரசொரப்பு வரும், சாஸ் அதுல ஒட்டும், மெஷின்ல வழவழன்னு வர்றதுல அவ்வளவா ஒட்டாது. தால்யத்தெல்லேன்னு பட்டையா வெட்டுவாங்கல்ல, வெந்தப்புறம் அது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு 1972ல அந்த ஊரு வர்த்தக சபைல பதிவே பண்ணி வெச்சிருக்காங்க. கொஞ்சம் ஓவர்தான், ஆனா இப்படிப்பட்ட ஊர்லதான் கத்துக்கணும்.

இப்போ முக்கியமான விஷயம். "ஹேண்ட்ஸ் ஆன்", அதாவது நீங்களே கையால பண்ணலாம்னு எல்லாருமே போடறாங்க, அத நம்பவே நம்பாதீங்க. நான் போன ஒரு இடத்துல, பேரு வேண்டாம், மேசைய சுத்தி அத்தனை பேரு நிக்கறாங்க, டீச்சர் மாவ பிசைஞ்சு தேய்ச்சு வெட்டி முடிச்சிட்டாங்க, எங்க பங்குக்கு ஆளுக்கு ரெண்டு டோர்டெல்லினிய, உள்ள பூரணம் வெச்ச குட்டி பாஸ்தாவ, மடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒயினும் பாட்டும். பக்கத்துல நின்ன வெளிநாட்டு அம்மாவுக்கு ஏக சந்தோசம், எனக்குதான் வயிறு எரிஞ்சுது. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி மெயில் போட்டு கேளுங்க: ஒரு கிளாசுக்கு எத்தன பேரு, ஆளுக்கு ஒரு பலகையும் கட்டையும் தருவீங்களா, மாவு பிசையறதுல இருந்து நாங்களேதான் பண்ணுவோமா இல்ல பிசைஞ்சு ரெடியா இருக்குமா. அப்புறம் ஒரு வார பேக்கேஜ்னு போட்டிருந்தா அதுல அடுப்பங்கரைல நிக்கறது மொத்தம் எத்தன மணி நேரம்னு கணக்கு கேளுங்க, பாதி நேரம் பஸ்ஸுல ஏத்தி ஒயின் கடைக்கும் லெதர் கடைக்கும் கூட்டிட்டு போறவங்க இருக்காங்க. ஒழுங்கான இடமா இருந்தா நேரா பதில் வரும், "மறக்க முடியாத அனுபவம் காத்திருக்கிறது"ன்னு பதில் வந்தா விட்ருங்க.

சைவம் சாப்பிடறவங்களுக்கு தனியா சொல்லணும், கட்டுரைல இதப்பத்தி ஒரு வரி கூட இல்லையே. பொலோன்யா சுத்துவட்டாரம் பன்னிக்கறி ராஜ்ஜியம். டோர்டெல்லினிக்குள்ள இருக்குறதே பன்னிக்கறிதான், வேகறது கறி சூப்புல. பார்மிஜானோ சீஸ் இருக்கே, அத கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட் போட்டுதான் பாலை உறைய வெக்கணும்னு அவங்க ரூல்லயே இருக்கு, சைவம்னு நினைச்சு தூவி சாப்பிடறவங்க தெரிஞ்சுக்கோங்க. முட்டை, சீஸ் ரெண்டும் ஓகேன்னா ரிக்கோட்டா சீஸ் வெச்ச டோர்டெல்லோனி, மாந்தோவா பக்கம் பூசணிக்காய் வெச்ச டோர்டெல்லி எல்லாம் கத்துக்கலாம். முட்டையும் வேண்டாம்னா கண்ண மூடிட்டு தெக்க போங்க. பாரியோட பழைய ஊர்ல, கோட்டைக்கு எதிர்ல ஆர்கோ பாஸோன்னு ஒரு சந்து, பாட்டிமாருங்க வாசல்ல மேசைய போட்டு உக்காந்து மாவ கத்தியால இழுத்து கட்டை விரல்ல திருப்பி காது மாதிரி ஓரெக்கியெத்தேங்கற பாஸ்தா போடுவாங்க, பாத்துக்கிட்டே இருக்கலாம். காஞ்ச மொச்சை வகை பருப்ப வேக வெச்சு மசிச்சு, கசப்புக் கீரையும் ஆலிவ் எண்ணெயும் சேத்து அங்க சாப்பிடறாங்க, நம்ம நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆனா இன்னொரு கீரை பாஸ்தாவுல நெத்திலி மாதிரி மீன கரைச்சு விட்ருப்பாங்க, கண்ணுக்கே தெரியாது, மொதல்லயே சொல்லிடணும். சிசிலில கத்திரிக்காய் சமையல் பிரமாதம், அங்க ரெகலியாலி தோட்டத்துல அன்னா தாஸ்கா லான்சா 1989ல ஆரம்பிச்ச ஸ்கூல் இன்னைக்கும் நடக்குது.

எப்போ போறதுங்கறதயும் யோசிங்க. ஆகஸ்ட் 15 அவங்களுக்கு பெரிய லீவு நாள், அத ஒட்டி நிறைய கடை, ஓட்டல் எல்லாம் பூட்டிட்டு கடலுக்கு போயிருவாங்க, வெயிலும் கொளுத்தும், அந்த வெயில்ல அடுப்பு முன்னாடி நிக்கறதுக்கா அத்தன காசு? அக்டோபர் நவம்பர்ல போனா காளான், ஆலிவ் அறுவடை, புது எண்ணெய் எல்லாம் கிடைக்கும்.

விசா பத்தி கட்டுரைல "எளிது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க. நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும், 30,000 யூரோ கவர் ஆகுற இன்சூரன்ஸ் வேணும், கிளம்பறதுக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம். இத்தனையும் குடுத்தும் ரிஜெக்ட் ஆகலாம், அப்போ ஸ்கூலுக்கு கட்டின அட்வான்ஸ் திரும்ப வருமான்னு எழுத்துல வாங்கி வெச்சுக்கிட்டு அப்புறம் கட்டுங்க.

அடுத்த தடவ இந்த மாதிரி டூர் பத்தி போடும்போது, வில்லாவுல எத்தன ரூம்னு போடற எடத்துல ஒரு கிளாசுக்கு எத்தன பேருன்னு போடுங்க சார். சைவமா அசைவமான்னும் ஒரு வரி சேத்துக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்