டிரையர் சத்தம் பத்தி பாப்பாவுக்கு

பாப்பா,

நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். 38 செகண்ட் இருக்கு. நல்லா இருக்கேன்பா, வேலை ஜாஸ்தி, அம்மா மாத்திரை ஒழுங்கா போடுறாங்களான்னு கேட்டுட்டு அப்படியே நிறுத்திட்ட. 9 செகண்ட் ஒரு வார்த்தை பேசல. அந்த 9 செகண்டும் பின்னாடி துணி காய வைக்கிற டிரையர் ஓடுற சத்தம் மட்டும்தான். அப்புறம் "சரிப்பா வச்சிடறேன்". அவ்ளோதான். நான் இயர்போன் மாட்டிக்கிட்டு ஒரு பத்து பதினஞ்சு தடவை கேட்டிருப்பேன், அம்மாகிட்ட சொல்லல.

டிரையர் சரியில்ல பாப்பா. அதைப் பத்திதான் எழுத உக்காந்தேன். போன்ல சொன்னா "பாத்துக்கிறேன்பா"ன்னு வச்சிடுவ, அதான் எழுதறேன், பாதியில விடாம முழுசா படி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பிளக்கைப் பிடுங்காம மெஷினுக்குள்ள கை வைக்காத. சுவிட்சை ஆஃப் பண்ணா போதும்னு நினைக்காத, பிளக்கையே பிடுங்கிடு. உன்னோடது கரண்ட்ல சூடாகறதுதான், நான் வந்தப்ப பாத்திருக்கேன், அதனால தைரியமா எழுதறேன். கேஸ்ல ஓடறதா இருந்தா தொடாதன்னு சொல்லியிருப்பேன்.

இப்ப சத்தத்துக்கு வரேன். அந்த 9 செகண்ட்ல டம் டம்னு ஒரு அடி விழுது, எண்ணிப் பாத்தேன், 7 அடி. ரெண்டு மூணு தடவை எண்ணினேன், அதே 7 தான். உள்ள துணி போடற உருளை, அதான் டிரம், நிமிஷத்துக்கு சுமாரா 45லேர்ந்து 50 சுத்து சுத்தும், கணக்கு போட்டுப் பாரு, 9 செகண்டுக்கு 7 சுத்து வருது. அப்ப டிரம்மோட ஒரு சுத்துக்கு ஒரு அடி. இது நல்ல சேதி. டிரம்மைத் தாங்கி நிக்கிற ரோலர் தேஞ்சு சப்பையாயிருந்தா இப்படி நிதானமா அடிக்காது, ரோலர் சின்னது, டிரம் ஒரு தடவை சுத்தறதுக்குள்ள அது எட்டு ஒன்பது சுத்து சுத்திடும், அதனால டகடகடகன்னு வேகமா வரும். உன்னோடது டிரம்மோட சேந்தே சுத்தற ஏதோ ஒண்ணு. அதுக்கு மெஷினைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லாம போகலாம்.

துணியை எல்லாம் எடுத்துட்டு வெறும் டிரம்மை ஒரு நிமிஷம் ஓட விடு. அடி நின்னுடுச்சுன்னா துணியில இருந்த ஜிப்போ பக்கிளோ அடிச்சிருக்கு, வேலை முடிஞ்சுது. நிக்கலன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு கதவைத் திறந்து கையால மெதுவா டிரம்மை சுத்து. உள்ள துணியைத் தூக்கித் தூக்கிப் போடற துடுப்பு மாதிரி மூணு இருக்கும்ல, ஒவ்வொண்ணையும் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஸ்க்ரூ லூசாயிருந்தா ஆடும், அது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. சில சமயம் சட்டை பட்டனோ ஹேர்பின்னோ காசோ துடுப்புக்குள்ள போயி உக்காந்துக்கும், டிரம் சுத்தறப்ப மேலேர்ந்து கீழ விழும், அப்பதான் இந்த டம் சத்தம் வரும். நம்ம வீட்டு டிரையர்ல அம்மாவோட கொலுசு திருகாணி கிடைச்சது அங்கதான், ஞாபகம் இருக்கா, ரெண்டு மாசம் தேடினா.

அப்புறம் டிரம்மோட முன் விளிம்பு, பின் விளிம்பு ரெண்டுலயும் கம்பளி மாதிரி ஒரு பட்டை ஓடும். அது ஒரு இடத்துல கிழிஞ்சு மடிஞ்சிருந்தாலும் சுத்துக்கு ஒரு தடவை இடிக்கும். விரலை வச்சு சுத்தி முழுக்க தடவிப் பாத்தா தெரிஞ்சிடும். துணியில பழுப்பா கறுப்பா கோடு விழுதா? வெள்ளைத் துணியில பாரு. விழுந்துச்சுன்னா முன்பக்கம் டிரம் வழுக்கி ஓடறதுக்கு வச்சிருக்கிற பிளாஸ்டிக் பட்டை தேஞ்சு டிரம் தகரத்துல உரசுதுன்னு அர்த்தம், அதை அப்படியே ஓட்டாத.

ஆனா பாப்பா, நேத்து அந்த மெசேஜ் வந்தப்ப உங்க ஊர்ல மணி என்னன்னு கணக்கு பண்ணேன். ராத்திரி ரெண்டே கால். அந்த நேரத்துல யாராவது துணி காயப் போடுவாங்களா? தூங்க மாட்டேங்கிறியா? வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்காத. அவ்ளோ பேரை வச்சு வேலை வாங்குற, ஒரு டீமே உன் பேச்சைக் கேக்குதுன்னு நான் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிறேன், ஆனா மூணு வாரமா சத்தம் போடற மெஷினை என்னன்னு பாக்க உனக்குத் தோணல. மூணு வாரம்னு எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா, அம்மா பிறந்தநாளைக்கு வீடியோல வந்தப்பவே கேட்டுச்சு. நீ எழுந்து போய் கதவை சாத்திட்டு வந்த. கதவை சாத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கேமரா துணிக்கூடை மேல இருந்துச்சு.

சரி அதை விடு.

அந்த டம்முக்கு அடியில இன்னொண்ணு கேக்குது. மெல்லிசா கீச்னு. மெசேஜோட ஆரம்பத்துல இல்ல, நீ பேச்சை நிறுத்தினதுக்கப்புறம்தான் காதுல விழுது. இதை நீ அலட்சியம் பண்ணக்கூடாது. டிரம்மை சுத்தறதுக்கு ஒரே ஒரு பெல்ட்தான், மெல்லிசா நீளமா டிரம்மையே சுத்திப் போயி கீழ மோட்டார்ல மாட்டியிருக்கும். அது தொய்யாம இருக்க பக்கத்துல ஸ்பிரிங் வச்சு ஒரு குட்டி சக்கரம் அழுத்திப் பிடிச்சிருக்கும், ஐட்லர் புல்லிம்பாங்க. அது காஞ்சு போனா கீச்சிடும். ரோலரோட அச்சு காஞ்சாலும் கீச்சிடும். காதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும், பிரிச்சு கையால சுத்திப் பாத்தாதான் எதுன்னு சொல்ல முடியும். உர்ருன்னு ஒரே மாதிரி இரைச்சலா இருந்தா அது காத்தை வெளிய தள்ளற ஃபேனாவோ மோட்டாராவோ இருக்கலாம், பஞ்சு பிடிக்கிற ஃபில்டரை எடுக்கறப்ப சின்ன சாக்ஸ் எதுவும் சந்துல நழுவினா நேரா அந்த ஃபேனுக்குத்தான் போகும், டார்ச் அடிச்சுப் பாரு.

எண்ணெய் மட்டும் அடிச்சிடாத. நான் அடிச்சேன். நம்ம பழைய டிரையர் கீச்சிட ஆரம்பிச்சப்ப ஸ்பிரேயை எடுத்து கண்ட இடத்துல அடிச்சேன், ரெண்டு நாள் சத்தமே இல்ல, சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். மூணாம் நாள் முன்னைவிட மோசம். பிரிச்சுப் பாத்தா துணியிலேர்ந்து உதிர்ற பஞ்சு எல்லாம் அந்த எண்ணெய்ல ஒட்டி சாம்பல் நிறத்துல கெட்டியா பசை மாதிரி அச்சு முழுக்க அப்பியிருந்துச்சு, நகத்தால சுரண்டி எடுத்தேன். சூடு இருக்கிற மெஷின், பஞ்சு, எண்ணெய், மூணும் ஒண்ணா இருந்தா தீ பிடிக்கும், அன்னிக்கு பிடிக்காதது நம்ம நல்ல நேரம். தேஞ்சதை மாத்தணும், வேற வழி கிடையாது.

பிரிக்கறதுன்னா பயப்படாத. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், உன் மாடல் நம்பரைப் போட்டுத் தேடினா எந்த ஸ்க்ரூ எங்கன்னு வீடியோவே வரும். நிறைய மெஷின்ல மேல் மூடியைத் தூக்கி, முன் தகட்டைக் கழட்டினா டிரம் தெரியும். கையுறை போட்டுக்கோ, உள்பக்கத் தகடு ஓரம் கத்தி மாதிரி கிழிக்கும். கதவு சுவிட்ச் ஒயரைக் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடு. பெல்ட் புல்லியில எப்படி வளைஞ்சு போகுதுன்னு அதையும் போட்டோ எடு, திரும்ப மாட்டறப்ப அதுலதான் எல்லாரும் முழிப்பாங்க. பெல்ட்டுல வரி வரியா இருக்கிற பக்கம் டிரம்மைத் தொடணும், வழவழன்னு இருக்கிற பக்கம் வெளிய. டிரம் வெளிய வந்ததும் ரோலரை விரலால சுத்து, சத்தமில்லாம சுத்தணும், பக்கவாட்டுல ஆடக்கூடாது. ஒண்ணு தேஞ்சிருந்தா எல்லா ரோலரையும் சேத்து மாத்திடு, புல்லியும் பெல்ட்டும் கூடவே மாத்திடு, இவ்ளோ தூரம் பிரிச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்பப் பிரிக்கணும். உள்ள கிடக்கிற பஞ்சையெல்லாம் வாக்குவம் போட்டு எடு. பின்னாடி காத்து போற குழாயையும் கழட்டி சுத்தம் பண்ணு, அதுல அடைச்சிருந்தா துணி காயவே ரெண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கும், மெஷினும் சூடாகி சூடாகி கெட்டுப் போகும். பிளாஸ்டிக் குழாயா இருந்தா தூக்கிப் போட்டுட்டு தகரக் குழாய் மாட்டு.

டிரம் கனமா தெரியும், ஆனா தூக்கிடலாம். ரெண்டு பேர் இருந்தா சுலபம், மாப்பிள்ளையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுன்னு எழுதிட்டு அழிச்சுட்டேன். நீ தனியாவே பண்ணிடுவ. தரையில போர்வையை விரிச்சு அது மேல சரிச்சுக்கோ.

நீ பண்ணிடுவன்னு சும்மா சொல்லல. எட்டாவது படிக்கறப்ப மாடி ரூம் ஃபேன்ல என்ன கோளாறுன்னு நானும் உங்கண்ணனும் முழிச்சுக்கிட்டு நிக்கறப்ப நீதானே கட்டில் மேல ஏறி நின்னு காதை வச்சுக் கேட்டுட்டு, மேல மூடி கிண்ணம் ஆடுதுப்பான்னு சொன்ன. அதுதான் இருந்துச்சு. அப்பவும் நான் ஸ்க்ரூடிரைவரை உங்கண்ணன் கையிலதான் கொடுத்தேன். உனக்கு டார்ச். எப்பவும் உனக்கு டார்ச்தான். "நேரா பிடி, ஆட்டாத"ன்னு சத்தம் வேற போடுவேன். இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு.

எல்லாம் மாட்டி முடிச்சதும் மெஷின் நாலு காலும் தரையில பதிஞ்சிருக்கான்னு பாரு. மூலையைப் பிடிச்சு அழுத்து, ஆடிச்சுன்னா கீழ காலுல மறை இருக்கும், திருகி உயரத்தை அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

இந்த வார்த்தையை டைப் பண்ணிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருக்கேன் பாப்பா.

அந்த தடவை நீ பச்சை பேக்கோட வந்தியே. அம்மா உள்ள இருந்தா, நீ முன் ரூம்ல என் எதிர்ல உக்காந்து பேச ஆரம்பிச்ச. நான் உன்னை முழுசா பேசவே விடல. நாலு வார்த்தை சொன்னவுடனே எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, உடனே "எல்லா வீட்லயும் இருக்கறதுதாம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னுட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். கூட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. ரிமோட் என் கையில இருந்துச்சு. நீ கொஞ்ச நேரம் அந்த டிவியையே பாத்துக்கிட்டு இருந்துட்டு எழுந்து போய்ட்ட. ரெண்டு நாள்ல கிளம்பிட்ட. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நீ எங்கிட்ட எதையும் சொன்னதில்ல, கேட்டா நல்லா இருக்கேன்பா, அவ்ளோதான்.

உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பொய். எனக்கு பயம். நாலு பேர் கேப்பாங்க, உங்க சித்தப்பா கேப்பான், என்ன பதில் சொல்றதுன்னு பயம். நீ என்ன சொல்ல வந்தங்கிறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒரு மெஷின் 9 செகண்ட் சத்தம் போட்டதை பதினஞ்சு தடவை போட்டுக் கேக்கறேன், அன்னிக்கு உன்னை அஞ்சு நிமிஷம் கேக்க முடியல என்னால. தப்பு பண்ணிட்டேன்மா.

அந்தக் கூடையில உன் துணி மட்டும்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். கேக்க வாய் வரல, இப்பவும் வரல, எழுதிட்டேன். நீ பதில் சொல்லணும்னு இல்ல. சொல்றதா இருந்தா எதுவா இருந்தாலும் சொல்லு, இந்த தடவை குறுக்க பேச மாட்டேன். மாடி ரூமை நேத்தே பெருக்கி ஃபேனைத் துடைச்சு வச்சேன். எதுக்குன்னு அம்மா கேட்டா, தூசின்னு சொன்னேன்.

உங்கண்ணன்கிட்ட இதெல்லாம் பேசல, பேசவும் மாட்டேன். அம்மா மாத்திரை ஒழுங்கா போடுறா.

டிரையரை நாளைக்கே பாரு. கருகின வாசனை வந்தா ஒரு நிமிஷம்கூட ஓட்டாத, ஓட விட்டுட்டு தூங்கப் போகாத. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும், மறந்துடாத. நீ ஸ்க்ரூடிரைவரை எடுக்கறப்ப எனக்கு வீடியோ கால் போடு. போனை ஒரு ஓரமா நிறுத்தி வச்சுட்டு நீ பாட்டுக்கு வேலையைப் பாரு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், சந்தேகம் வந்தா மட்டும் கேளு. பேசணும்னு இல்ல. சும்மா இருந்தாலும் கட் பண்ணாத.

மாடல் நம்பர் கதவைத் திறந்தா உள்விளிம்புல ஸ்டிக்கர்ல இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு. இங்க மணி என்னன்னு பாக்காத, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.

அப்பா