அளவியல் சூத்திரங்களை எப்படி நினைவில் வைப்பது

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம்; அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பர் படிக்கிறார். உன் மகளுக்கு அளவியல் பாடம் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவதை முதலில் நிறுத்தச் சொல். அப்படி மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் பரீட்சையில் 2ஆ 3ஆ, உயரமா சாயுயரமா (சாய்ந்த பக்கத்தின் நீளமா) என்று தடுமாறுகிறார்கள்.

வட்டத்தின் சுற்றளவும் பரப்பும் தெரிந்தால் உருளை முடிந்தது. அடிப்பரப்பு × உயரம் கன அளவு. அடிச்சுற்றளவு × உயரம் வளைபரப்பு. உள்ளீடற்ற உருளைக்குத் தனிச் சூத்திரம் வேண்டாம். கன அளவுக்கு வெளி உருளையிலிருந்து உள்ளே இருப்பதைக் கழிக்கட்டும். வளைபரப்புக்கு இரண்டையும் கூட்டட்டும். மொத்தப் புறப்பரப்பு கேட்டால் இரு முனைகளிலும் உள்ள வளையங்களும் சேரும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

அடுத்தது 1 : 2 : 3. ஆரமும் உயரமும் சமமாக உள்ள கூம்பு, அரைக்கோளம், உருளை ஆகியவற்றின் கன அளவு விகிதம் இது. ஆரம் 3 செ.மீ. என்றால் 9 பை (π), 18 பை, 27 பை. கோளம், தன்னைச் சரியாகச் சூழும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதும் இதிலேயே இருக்கிறது. கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ் இதைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னாராம், கி.மு. 75இல் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ அந்தக் கல்லறையை அடையாளம் கண்டது அங்கிருந்த கோளத்தையும் உருளையையும் வைத்துத்தான்.

கோளத்தின் பரப்பு நான்கு வட்டங்கள். பரப்பை விட்டத்தால் பெருக்கி 6ஆல் வகுத்தால் கன அளவு வந்துவிடும். லீலாவதி என்ற பழைய கணித நூலில் பாஸ்கரர் தரும் விதி இது. ஒன்று மறந்தாலும் மற்றதிலிருந்து மீட்கலாம். அரைக்கோளத்துக்கு வளைபரப்பு 2 வட்டம், தட்டை முகத்தோடு 3. ஆனால் கூம்பின் அடியில் அரைக்கோளம் ஒட்டிய பொம்மையில் அந்தத் தட்டை முகம் வெளியே தெரியாது. அங்கே இரண்டின் மொத்தப் புறப்பரப்பையும் கூட்டினால் விடை தவறு. வளைபரப்புகளை மட்டும் கூட்ட வேண்டும்.

கூம்பை ஒரு தாளில் செய்து வெட்டி விரித்துக் காட்டு. கிடைக்கும் வட்டக்கோணப்பகுதியின் ஆரம் சாயுயரம், வில் அடிச்சுற்றளவு. ஆகவே வளைபரப்பு அடிச்சுற்றளவு × சாயுயரத்தில் பாதி. பரப்புக்குச் சாயுயரம், கன அளவுக்குச் செங்குத்து உயரம்: விரித்துப் பார்த்தவளுக்கு இது குழம்பாது.

அவளை அதிகம் படுத்துவது இடைக்கண்டமாகத்தான் (நுனி வெட்டப்பட்ட கூம்பு) இருக்கும். வீட்டு வாளியையே எடுத்துக்கொள்ளலாம்: மேல் ஆரம் 15 செ.மீ., கீழ் ஆரம் 8, உயரம் 24. சாயுயரத்துக்கு ஆரங்களின் வித்தியாசம் 7ஐயும் 24ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 625, அதன் வர்க்கமூலம் 25. கன அளவுக்கு ஆரங்களின் வர்க்கங்கள் 225, 64, நடுவில் 15 × 8 = 120; கூட்டினால் 409. அதை உயரத்தால் பெருக்கி 3ஆல் வகுத்தால் 3272 பை, ஏறக்குறைய 10.3 லிட்டர். நடு உறுப்பை விட்டுவிட்டு இரண்டு வட்டப் பரப்புகளின் சராசரியை உயரத்தால் பெருக்குபவர்களுக்கு 10.9 லிட்டர் வரும். சூத்திரம் சரிதானா என்று சந்தேகம் வந்தால் இரண்டு சோதனை போதும். இரு ஆரங்களையும் சமமாக்கினால் உருளை வர வேண்டும். சின்ன ஆரத்தைப் பூஜ்ஜியமாக்கினால் கூம்பு வர வேண்டும். சராசரி முறை முதல் சோதனையில் தப்பிக்கும், இரண்டாவதில் மூன்றில் ஒன்றுக்குப் பதில் பாதி வந்து மாட்டிக்கொள்ளும்.

வாளிக்குத் தேவையான தகடு கேட்டால் வளைபரப்பு (15 + 8) × 25 = 575 பை, அடித்தட்டு 64 பை, மொத்தம் சுமார் 2008 ச.செ.மீ. வாய் திறந்திருப்பதால் மேல் வட்டம் கூடாது.

கணக்கில் விட்டம் தந்திருந்தால் முதல் வரியிலேயே பாதியாக்கி எழுதட்டும். 1000 கன செ.மீ. ஒரு லிட்டர், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் கணக்கு நிற்கவில்லை என்று அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
ராமு