பெரியப்பா மறந்த அடி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள கவ்வாத்து,

நலம். நீயும் நலம் என்று அம்மா சொன்னார். என் அம்மா அல்ல, உன் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவர் சுட்ட ரொட்டியையும் கட்டச் சம்பலையும் தின்றுகொண்டிருந்தேன். போனில் இதைச் சொல்ல மனம் வரவில்லை. பாதியில் லைன் அறுந்தால் மீதி உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

பதினொரு மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. காரணம் உனக்கும் தெரியும். நீ ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உன் அப்பா இறந்துபோன செய்தியை நீ தோஹாவிலிருந்து சொன்னபோது நான் அந்த இரவே பஸ் ஏறியிருக்க வேண்டும். கந்தோரில் கணக்கு முடிக்கிற கிழமை என்று நின்றுவிட்டேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை, நடுவில் கடல் இருந்தது. எனக்கு நடுவில் இருந்தது ஆறு மணித்தியாலப் பாதை மட்டும்தான். உன் இடத்தில் அங்கே நான் நின்றிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். இதை அம்மாவிடமும் சொன்னேன். "அதுக்கென்னா தம்பி, இப்ப வந்திட்டீங்கள்ல" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

இப்போது நான் அங்கே போனது எப்படி என்று சொல்கிறேன். எங்கள் ஒழுங்கை முனையில் நான் தேங்காய் வாங்கும் பலசரக்குக் கடையில் ஒரு தம்பி நிற்கிறான். இரண்டு வருடமாக முகம் பழக்கம். மாசி பிறந்து சில நாளில் அவன் கையில் மஞ்சள் காப்பைப் பார்த்துக் கேட்டேன். "காமன் கூத்துக்கு, அண்ணே. நான்தான் ரதி" என்றான். சிவன் மன்மதனை எரிக்கிற கதையை மாசியில் உங்கள் தோட்டங்களில் ஆடுவீர்களே, அந்தக் கூத்து. எந்தத் தோட்டம் என்று கேட்டால் பொகவந்தலாவைப் பக்கம் என்று சொல்லி உங்கள் டிவிஷன் பெயரைச் சொல்கிறான்! மேல் லயத்து அக்காவின் கடைசி மகன். நீ ஊரை விட்டுப் போகும்போது அம்மாமார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் அவன் இருந்திருப்பான். உன் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அவரும் ரதி போட்டவருதானே" என்றான்.

மச்சான், அத்தனை வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தோம். கூத்து, கூத்து என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், வா என்று ஒவ்வொரு மாசியும் கூப்பிட்டாய். நீ ரதி போட்டதை மட்டும் சொல்லவேயில்லை. இதை உன்னோடு நேரில் ஒரு நாள் கதைக்க இருக்கிறது.

பௌர்ணமி நாளான மெதின் போயா திங்கட்கிழமை விழுந்ததால் மூன்று நாள் விடுமுறை. நம் கூட்டாளி நெட்டையன் இங்கே ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அதை மச்சினனுக்குக் கொடுக்க வைத்து இழுத்துக்கொண்டு போனேன். ரயிலில் இடமே இல்லை. விடியற்காலை ஹட்டன் பஸ் பிடித்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று ஏறினோம். நெட்டையன் வழக்கம் போலக் கினிகத்தேனை வளைவுகளில் கண்ணை மூடியவன் ஹட்டனில்தான் திறந்தான்.

நோர்வூட்டில் இறங்கி அங்கிருந்து பொகவந்தலாவைக்கு நடந்தோம். பெக்கோ பாதை என்று இப்போது வெள்ளைக்காரர்கள் முதுகுப் பையோடு நடக்கிறார்களே, அதில் இதுவும் ஒரு துண்டு. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பாதை, மொத்தம் 22 துண்டு, 300 கிலோமீற்றருக்கு மேல். புதிதாக வெட்டிய பாதை என்று நினைத்துக்கொண்டு போனேன். முக்கால்வாசி உங்கள் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு நடந்து நடந்து இறுகிய பழைய தோட்டத்துப் பாதைதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் சிவனொளிபாதமலை கூம்பாக நிற்கிறது. பனி விலகியிருந்தது. இறுதி வருடத்தில் நாம் ஏறி, உச்சியில் நடுங்கிக்கொண்டு நின்று, நீ அந்தப் பாட்டை எடுத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தாயே, அதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. நெட்டையன் அதைப் பாடியே காட்டினான். இன்னும் சுருதி சேரவில்லை.

கீழே கெஹெல்கமு ஓயா கூடவே வந்தது. அது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, அப்புறம் மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி எங்கள் பக்கம்தான் வருகிறது. அம்பத்தலையில் அதை இறைத்துத்தான் கொழும்புக்குக் குடிநீர். உங்கள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்க தண்ணியத்தான் குடிக்கிறீங்க, வர்றதுக்கு மட்டும் இவ்வளவு நாளா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் நிமிர முடியவில்லை.

இனி கூத்து. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் கை துடிக்கிறது.

அமாவாசைக்கு மூன்றாம் நாள் கம்பம் ஊன்றியதிலிருந்து தினமும் இரவு ஆடியிருக்கிறார்கள். தகனம் ஞாயிறு இரவு. ஒன்பது மணிக்குக் காமன் பொட்டலில் சாக்கும் பாயும் விரித்துச் சனம் உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் வைக்கோல் எரித்துத் தப்பு மேளங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பனிக்கு அரை மணித்தியாலத்தில் தோல் தளர்ந்துவிடுகிறது. உடனே ஒருவர் விலகிப் போய் நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, திரும்ப வந்து அடியில் சேர்ந்துகொள்கிறார். இடையில் அடி ஒரு தரம்கூட அறுந்துபோகவில்லை. ஐந்து தப்பு, ஒரு உறுமி. மலையில் பட்டு அதே அடி கொஞ்சம் பிந்தித் திரும்பி வருகிறது. அதையும் கணக்கில் வைத்து அடிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. நெட்டையன் மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை என்று முணுமுணுத்தவன், பத்து நிமிடத்தில் தப்புக்காரர் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். விடியும் வரை அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு கிழவனார் சொன்னார்: முன்பெல்லாம் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்கு எழுப்புவதற்கும் இதே தப்புத்தானாம். வேலைக்கு இழுக்கிற அடி வேறு, சாமிக்கு அடிக்கிற அடி வேறு, சாவுக்கு வேறு. பெரட்டுத் தப்பு அடியைத் தொடையில் தட்டிக் காட்டினார். கையை எடுத்துவிட்டு, "இது கேட்டா இப்பவும் வயிறு கலங்கும்" என்றார்.

ரதி வந்தாள். தேங்காய் உரித்துத் தருகிற தம்பி என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. மதனைப் போகாதே என்று மறிக்கிறாள். கெட்ட கனவு கண்டதைச் சொல்லிச் சொல்லி மறிக்கிறாள். மதன் கேட்கவில்லை. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிறான். மலர்க் கணை விட்டதும் பரணிலிருந்து கம்பி வழியாக நெருப்பு ஓடி வந்து கம்பத்தில் பற்றியது. தப்பு ஒரேயடியாக நின்றது. அப்போதுதான் ஆற்றின் சத்தமே காதில் விழுந்தது.

அப்புறம் அந்தத் தம்பி ஒப்பாரி எடுத்தான்.

மச்சான், அம்மா எனக்கு இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு அடி வரை பேசாமல் கேட்டார். மூன்றாவதில் மாராப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு உன் அப்பாவின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். அவர் மட்டுமில்லை. சுற்றி இருந்த பெண்கள் ஒவ்வொருவரும் மதனுக்கு அழவில்லை, தங்கள் தங்கள் ஆளுக்கு அழுதார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை. தேற்றக் கூடாது போல. விடிந்ததும் அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாவு வீட்டுல எனக்கு அழ முடியல தம்பி. அவன் வர்றானா வர்றானான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கித்தான் அழுதேன்." இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து நாளாக யோசித்தேன். உனக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதுகிறேன், உன்னைக் குத்துவதற்கு அல்ல.

அந்த ஒப்பாரியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது உன் பெரியப்பா. நேரில் அல்ல, போனில். இரவு பத்து மணிக்குக் கடை சாத்திய பிறகு தம்பி மேல்மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான், பெரியப்பா அங்கிருந்து ஒவ்வொரு அடியாகப் பாடியிருக்கிறார். ரதிக்குப் பதினெட்டு நாள் லீவு கேட்டானாம். கிடைத்தது போயாவோடு சேர்த்து மூன்று நாள். கம்பம் ஊன்றிய அன்று இரவோடு இரவாகப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு மறுநாளே திரும்பியிருக்கிறான். இடைப்பட்ட இரவுகளில் வேறொரு பையன் சேலை கட்டியிருக்கிறான். இவன் இங்கே மீன் தொடாமல், பாய் விரித்துத் தரையில் படுத்து, எனக்குக் கருவாடு நிறுத்துத் தந்துகொண்டிருந்திருக்கிறான்.

திங்கள் மத்தியானம் பெரியப்பாவோடு இருந்தேன். மெலிந்துவிட்டார். கண் ஒன்று மங்கல். ஆனால் கொப்பியைத் தடவித் தடவிப் பக்கம் சொல்கிறார். நாற்பது பக்க வரவு செலவுக் கொப்பி, எண்ணெய்க் கறை. கூத்தின் முன்பாதி மட்டும்தான் அதில் இருக்கிறது. பின்பாதி இருந்த கொப்பியை அவருடைய மூத்த அண்ணன் கொண்டுபோய்விட்டாராம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத்துச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகக் கையெழுத்தானதே, அதில் அண்ணன் பெயர் அந்தப் பக்கமும் இவர் பெயர் இந்தப் பக்கமும் விழுந்திருக்கிறது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூரில் அங்கேயும் தேயிலைத் தோட்டத்திலேயே கொழுந்து எடுத்தாராம். கொப்பி பிறகு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. வரலாற்றுப் பாடத்தில் அந்த எண்ணை எத்தனை தரம் பாடமாக்கியிருப்போம்! ஒரு கூத்துக் கொப்பி இரண்டாகப் பிரிந்ததும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. 2023இல் மலையகத்தவர் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் படங்களைக் கேட்டு நள்ளிரவில் என்னை எழுப்பினாய். ஏன் எழுப்பினாய் என்று இப்போது விளங்குகிறது.

பின்பாதியை என் போனில் பதிந்துவிடலாம் என்றேன். "பதிங்க. ஆனா கொப்பியில வார்த்ததான் இருக்கும், போன்ல சத்தந்தான் இருக்கும். எந்த எடத்துல தப்ப நிறுத்தணும்னு ஆளு பக்கத்துல நின்னு பாத்தாத்தான் வரும்" என்றார். இரண்டரை மணித்தியாலம் பாடினார். நடுவில் இரண்டு தரம் தேத்தண்ணி.

செவ்வாய்க்கிழமை தம்பி கடைக்குத் திரும்பிவிட்டான். மதனை உயிர் எழுப்புகிறது புதன்கிழமை. ரதி இல்லாமல்! அன்று மாலை நான் வேண்டுமென்றே கடைக்குப் போனேன். காதோரத்தில் அரிதாரம் இன்னும் போகவில்லை. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. அந்தப் பக்கத்தில் யாரோ போனைத் தப்புக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். அவன் அதைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு, தராசைப் பிடித்தபடி உதட்டுக்குள்ளேயே தன் பாட்டைப் பாடினான். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "தம்பி, கெதியா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவம், அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்.

அடுத்த வருடம் அவனுக்கு அந்த மூன்று நாளும் கிடைக்குமா தெரியாது. பெரியப்பாவின் தொண்டையும் எத்தனை மாசிக்கு நிற்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பாட்டும் தெரிந்து, ஆடியும் பழகியவன் என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். வருடாந்த லீவைச் சித்திரையில் எடுக்காதே. மாசியில் எடு. கொஞ்சம் முந்தியே வந்து பெரியப்பா பக்கத்தில் உட்கார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போவோம், கடை முதலாளியிடம் நானே போய்க் கதைக்கிறேன். உன் டிக்கெட்டுக்குக் குறைந்தால் நானும் நெட்டையனும் போடுகிறோம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நெட்டையனுக்கு முழங்கால் வீக்கம், மற்றபடி சுகம். அம்மா இரண்டு கிலோ தேயிலைத் தூளும் ஊறுகாய்ப் போத்தலும் தந்துவிட்டிருக்கிறார், அலுமாரியில் இருக்கிறது. தோஹா வருகிறவர் யாராவது இருந்தால் சொல்.

இன்னும் ஒன்று. பதிவை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நாற்பதாவது நிமிடத்தில், தாலியைக் கழற்றுகிற இடத்தில், பெரியப்பா நின்றுவிடுகிறார். ஒரு அடி வரவில்லை. மூன்று தரம் முந்தின அடியிலிருந்து தொடங்கிப் பார்த்தார். பிறகு, "இது பய பாடுவான், அவனுக்குத் தெரியும்" என்று உன் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். தம்பியும் அந்த இடத்தைத் தாண்டித்தான் பாடுகிறான்.

ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் எழுதி அனுப்பாதே. பாடி அனுப்பு.

உன்,
வெள்ளவத்தையான்