பஞ்சு ஷீட் விஷயமாக, நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறோம் என்று உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வையான குயில்ட்டுக்கு நம் கடையில் விற்கிற பஞ்சு ஷீட் மட்டம், அதனால்தான் குயில்ட்டின் பின்பக்கம் சுருக்கம் விழுகிறது, நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் கொஞ்ச நாளாகச் சுற்றுகிறது. கடைக்கு வருகிறவர்களே போனை எடுத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். கோயம்புத்தூரில் கடை வைத்துக்கொண்டு, கழிவுப் பஞ்சை விற்கிறோம் என்று கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

மெசேஜில் சொன்ன அந்தக் குயில்ட்டையும் வாங்கிப் பார்த்தோம். தைத்தவரைக் குறை சொல்லவில்லை. முதல் குயில்ட் எல்லாருக்கும் அப்படித்தான் வரும், ஆனால் பழி பஞ்சின் மேல் விழுவது சரியில்லை.

நூல் சிக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கு கீழே தெரிவதால் எல்லாரும் கீழ்நூல் சுற்றிய பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள், பாபின் கேஸ் திருகைத் திருகிவிடுகிறார்கள், அப்புறம் அதைச் சரிசெய்ய மெக்கானிக் வர வேண்டியிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது. அதனால் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள், தைக்கும்போது மறக்காமல் இறக்குங்கள். பூ, வளைவு எல்லாம் கையால் நகர்த்தித் தைக்கிற ஃப்ரீ மோஷன் ஃபுட் இறக்கினாலும் துணியை அழுத்திப் பிடிக்காது, அதனால் இறக்கினோமா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். தொடங்கும்போது பாபின் நூலையும் மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு நாலு தையல் போட்டால் பாதிச் சிக்கு நின்றுவிடும். வளைவில் கை வேகமாக ஓடினால் பின்பக்கம் கண்ணிமை மாதிரி நூல் நீட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் பஞ்சின் வேலை இல்லை.

சுருக்கமும் அப்படித்தான். சாதாரண ஃபுட்டில் மிஷினில் கீழே துணியை நகர்த்துகிற பல் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணி பின்தங்கும், நடுவில் பஞ்சு வேறு. வாக்கிங் ஃபுட் மேலேயும் சேர்த்து இழுக்கும், நேர்கோட்டுத் தையலுக்கு அது இல்லாமல் தைக்க வேண்டாம் என்று வாங்க வரும்போதே சொல்கிறோம், விலையைக் கேட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அடித்துணியைத் தரையில் விறைப்பாக டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி வைத்து, கையகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். நாலு மூலையில் நாலு பின் போதாது. தையலை நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஊசி 90/14 அளவு, ஒரு குயில்ட் முடிந்தால் மாற்றிவிடுங்கள். மொட்டை ஊசி குத்தினால் பஞ்சு இழை வெளியே வரும், அதற்கும் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

துவைத்த பிறகு லேசாகச் சுருங்குவது வேறு கதை. பருத்திப் பஞ்சு என்றால் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும், பாலியெஸ்டர் பஞ்சு அவ்வளவு சுருங்காது. சிவப்புச் சுங்குடியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் சாயம் போகிறதா என்று தனியாக அலசிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அக்கா இப்போது திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விட்டார், அங்கே தருகிற சம்பளம் எங்களால் முடியாது. அவர் இருந்திருந்தால் இந்தப் பேச்சு இவ்வளவு தூரம் போயிருக்காது என்று தோன்றுகிறது.

பட்டனும் ஜிப்பும் மட்டும் விற்ற காலத்திலிருந்து வருகிறவர்களுக்கும், அந்த மெசேஜைக் கேட்டுவிட்டு "அந்தக் கடையில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று பதில் சொன்னவர்களுக்கும் மனதார நன்றி. நீங்கள் தைத்த குயில்ட்களின் படங்கள்தான் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கின்றன, யார் வந்தாலும் அதைத்தான் காட்டுகிறோம், எல்லாம் இதே பஞ்சு.

புது ஆள் கிடைக்கும்வரை சனிக்கிழமை வகுப்பு இல்லை, வெட்டிய பஞ்சைத் திரும்ப வாங்குவதையும் நிறுத்தியிருக்கிறோம். தையல் சரியாக வரவில்லை என்றால் குயில்ட்டோடு உங்கள் ஊசியையும் நூலையும் எடுத்து வாருங்கள், மதியம் கூட்டம் இருக்காது, நம் கடை மிஷினிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.